மூட்டில் விட்ட இடம்

தச்சு என்ற சொல் நம் விமர்சனத்தில் இரண்டு காரியங்களுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. ஒரு கவிஞனைக் கீழே இறக்க வேண்டுமென்றால் 'இது கவிதை அல்ல, தச்சு வேலை' என்று எழுதுகிறோம். மேலே தூக்க வேண்டுமென்றால் 'இழைத்திருக்கிறார்', 'செதுக்கியிருக்கிறார்' என்று எழுதுகிறோம். இரண்டையும் எழுதுகிறவர் பெரும்பாலும் ஒருவரேதான். அவர் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்ததில்லை என்பது இரண்டு வாக்கியங்களிலும் தெரிகிறது. நாற்காலி, மேஜை செய்கிற தச்சன் செதுக்குவது மிகவும் குறைவு. அவன் நேரத்தில் பெரும்பகுதி மரத்தைப் புரட்டிப் பார்ப்பதிலும், அளந்து குறிப்பதிலும், காத்திருப்பதிலும் போகிறது. உளி விழும் நேரம் கொஞ்சம்.

மூன்றாவதாக ஒரு சொல் வைத்திருக்கிறோம்: இறுக்கம். புதுக்கவிதைக்கு வக்காலத்து வாங்குவதற்காக நாம் சேகரித்த சொற்களில் இதைப் போல் நீண்ட ஆயுள் வேறெதற்கும் கிடைக்கவில்லை. அது வந்ததற்கு நியாயம் இருந்தது. அசை நிரப்புவதற்காகச் சொற்களை அடுக்கிய செய்யுளும், கைதட்டலுக்காக ஒரே வரியை மூன்று தடவை சொன்ன மேடைக் கவிதையும் எதிரே நின்றன. அவற்றுக்கு எதிராக, ஒரு சொல்லைக்கூட எடுத்துவிட முடியாதபடி எழுது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னோம். அதன் பிறகு எதிரி போய்விட்டான். சொல் மட்டும் தங்கிவிட்டது. இப்போது எந்தக் கவிதையைப் படித்தாலும் கையால் அசைத்துப் பார்த்து, ஆடினால் தோல்வி, ஆடாவிட்டால் வெற்றி என்று எழுதிவிட முடிகிறது.

நானும் அப்படி எழுதியவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு நீள்கவிதையைப் பற்றி எழுதியபோது, 'மூட்டுகள் ஆடுகின்றன' என்று ஒரே வரியில் அதை முடித்துவிட்டேன். உவமை சரியாக விழுந்ததில் எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. எழுதியவர் பதில் எழுதவில்லை. அதன் பின் அவர் கவிதையை நான் எங்கும் பார்க்கவில்லை. அதற்கு என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வது என் கர்வமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வரி தச்சு சாஸ்திரப்படியே தவறு என்பது இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மரக்காணத்துக்கு வந்து சேர்ந்த இரண்டாவது கோடையில் என் எழுத்து மேஜையின் பலகை நீளவாட்டில் பிளந்துவிட்டது. நகரத்துக் கடையொன்றில் வாங்கியது. அழகான மேஜை; கைவைத்தால் கல் மாதிரி நிற்கும். உப்பளங்களை ஒட்டிய சாலையோரம் கீற்றுக் கொட்டகையில் ஒரு பட்டறை. ஆசாரியும் அவர் மகனும் மட்டும். மேஜையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் பிளவைப் பார்க்கவே இல்லை. மேஜையைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். சட்டத்தைச் சுற்றி ஒரு சாண் விடாமல் திருகாணி. அது போதாதென்று பசை.

"இறுக்கிட்டாங்க சார். அதான் வெடிச்சிருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இறுக்கினால் பலம்தானே என்றேன்.

"மரம் அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும் சார். நாம அதுக்கு எடம் வுடணும். வுடலேன்னா அதுவே எடம் பண்ணிக்கும்."

அவர் சொன்னதைப் பௌதிகமாகவும் சொல்லலாம். அறுத்துக் காயவைத்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். வாங்கும்போது விரியும், கொடுக்கும்போது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. ரேகை ஓடுகிற நீளவாட்டில் மாற்றம் அநேகமாக இல்லை. குறுக்குவாட்டில்தான் எல்லாம் நடக்கிறது. அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. என் மேஜையில் பலகை குறுக்கே சுருங்க விரும்பியது. அதன் அடியில் குறுக்காக ஓடிய சட்டமோ தன் நீளவாட்டில் சுருங்காது. ஒன்று நகர வேண்டும், இன்னொன்று நகராது, இரண்டையும் பசையும் திருகாணியும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இடையில் எது பலவீனமோ அது பிளக்கும். பிளந்தது மரத்தின் குறையால் அல்ல. செய்தவன் மரத்தைக் கல் என்று நினைத்ததால்.

பழைய வீடு இடித்த தேக்கில் புதுப் பலகை போட்டுத் தருவதாகச் சொன்னார். இரண்டரை அடி அகலம். சட்டத்தின் உள்பக்கத்தில் காடி வெட்டி, அதில் நுழைகிற சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் பொருத்தினார். கட்டை பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ஆனால் காடிக்குள் முன்னும் பின்னும் நகரும். எவ்வளவு நகர இடம் விட வேண்டும் என்று கேட்டேன். "இந்த அகலத்துக்கு ரெண்டு நூல்" என்றார். நூல் என்பது அவர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த இரண்டு நூலை எந்தப் பக்கம் விடுவது என்பது மாறும். சித்திரையில் பலகை சுருங்கிக் கிடக்கும். அப்போது செய்தால் விரிவதற்கு இடம். ஐப்பசி கார்த்திகையில் அது ஏற்கெனவே ஊறி விரிந்திருக்கும். அப்போது செய்தால் சுருங்குவதற்கு இடம். அலமாரிக் கதவின் நடுப்பலகையும் இப்படித்தான். சுற்றியுள்ள சட்டத்தின் காடியில் அது பசையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். சட்டத்தின் மூலைகளில் மட்டும், ஒரு கட்டையின் முனையை நாக்கு மாதிரி அறுத்து மற்றதன் துளையில் செருகி, மர முளை அடித்து இறுக்குவார்கள். அங்கே ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ஆசாரி முகம் சுளிப்பார்.

ஆகவே தச்சனுக்கு இறுக்கம் தெரியாது என்பதல்ல. எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்ற இரண்டையும் சேர்த்துத்தான் அவன் மூட்டு என்கிறான். நமக்குப் பாதிதான் தெரியும்.

இந்தக் கடற்கரை அந்தப் பாடத்தை வேறு இடங்களை விடக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. இங்கே காற்றில் உப்பு. இரும்பு ஆணி துருப்பிடிக்கும்போது பருத்துக்கொள்கிறது; மரத்துக்குள் இருந்துகொண்டே மரத்தைப் பிளக்கிறது. துவர்ப்புள்ள மரமாக இருந்தால் இரும்பைச் சுற்றிக் கறுத்து, நார் செத்துப் போகும். கட்டிப் பிடிக்கட்டும் என்று அடித்த ஆணிதான் முதலில் கெடுக்கிறது. அளத்தில் உப்பு வாருகிற பலகையும் அதன் கைப்பிடியும் மரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன்; காரணம் கேட்டுக்கொண்டதில்லை. உப்புத் தண்ணீர் ஓடுகிற இடத்துப் பலகைகளைத் தொட்டுப் பார்த்தால் கம்பளி மாதிரி பிசிர் எழுந்திருக்கும். நாருக்குள் புகுந்த நீர் காய, உப்பு உள்ளேயே படிகமாகி நாரை நாரிடமிருந்து தள்ளுகிறது. மரம் மக்கியிருக்காது, உப்பு மக்க விடாது. பிரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இது மேஜை நாற்காலிக்குப் பேர்போன கரையும் அல்ல. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே வீங்கிய அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரம், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோலக் குவிந்து கிடக்கிறது. அதை என்ன செய்கிறார்கள்? விறகாக எரிக்கிறார்கள். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் சென்னையிலிருந்து இந்த ஊர்வரை வந்தபோது அதில் போன படகுகள் உப்பையும் சவுக்கு விறகையும் ஏற்றிப் போயின. இந்தக் கரைக்கு மரம் என்பது பெரும்பாலும் எரிகிற பொருள், அல்லது கட்டுமரம்.

வீட்டுச் சாமான்களின் பெயர்களைப் பார்த்தாலே சரித்திரம் தெரிகிறது. பலகை, மணை, பெட்டி, கட்டில், தொட்டில், ஊஞ்சல், பத்தாயம் இவை நம்முடையவை. கிட்டத்தட்ட எல்லாமே படுக்கவோ, தரையோடு உட்காரவோ, தானியத்தைப் போட்டு வைக்கவோ ஆனவை. மேஜையும் அலமாரியும் போர்ச்சுக்கீசியரோடு வந்தன. அவர்கள் ஜன்னலையும் சாவியையும் கூடவே கொண்டுவந்தார்கள். பீரோ பிரெஞ்சுச் சொல். நாற்காலி என்ற பெயர் தமிழ்தான், ஆனால் கால்களை எண்ணிப் பெயர் வைத்ததிலேயே ஒரு புதுப்பொருளைப் பார்த்த வியப்பு இருக்கிறது. மேஜையின் பெயர் கப்பலில் இறங்கியது. தேக்கு என்ற பெயர் அதே கப்பலில் ஏறிப் போர்ச்சுக்கீசியத்திலும் ஆங்கிலத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது. உருவம் வெளியிலிருந்து, பொருள் இங்கிருந்து. நம் நவீன இலக்கியத்தைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது அல்லவா. கேள்வி ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்த உருவத்தை இந்த மரம், இந்த உப்புக் காற்று, இந்தச் சித்திரை, இந்தக் கார்த்திகை தாங்குமா?

இந்தக் கேள்விக்கு இதே கரையில் ஒருவர் பதில் செய்து பார்த்திருக்கிறார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைச் சொல்கிறேன். வடிவமைத்தவர் ஆண்டனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு தோக்கியோவுக்குப் போய், அங்கேயே தொழில் நடத்தியவர். ஹைதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் நிதி வந்ததால் அந்த ராஜ்ஜியத்து வைரச் சுரங்கத்தின் பெயர் வைத்தார்கள். இந்தியாவின் ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அதன் வேலையை நேரில் பார்த்துக்கொள்ள 1937இல் வந்தவர் ரேமண்டின் அலுவலகத்தில் இருந்த ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். வந்தவர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமவாசி ஆனார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். 1939இல் கிளம்பினார். கட்டட வேலை 1940களிலும் நீடித்தது. பிற்காலத்தில் உலகம் அவரை மர வேலைக்காரராகத்தான் அறிந்தது. அந்த வேலையின் ஆரம்பம் கோல்கொண்டின் அறைகளுக்காக அவர் வடிவமைத்த தேக்குச் சாமான்கள்.

அங்கே நான் வெகு நேரம் பார்த்தது நாற்காலியை அல்ல, அறைக் கதவை. தேக்குச் சட்டங்களை முன்பின்னாக அடுக்கிச் செய்த தள்ளுகதவு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி. காற்று உள்ளே போகும். கண் உள்ளே போகாது. வெளிச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திருப்பிவைக்கக் கூடிய கிடைமட்டப் பலகணித் தகடுகள். வெளியே தகடும் உள்ளே கதவுமாக, கட்டடம் முழுக்கக் காற்றுக்கு விட்ட வழி. தோக்கியோவிலிருந்து வந்த நவீனத்துவம், சுவர் சுவராக இங்கே இறங்கியிருந்தால் அடுப்பாகியிருக்கும். அது தன்னில் எங்கெங்கே இடம் விட வேண்டுமென்று இந்த ஊரைக் கேட்டுக்கொண்டது. ரேமண்டின் கோடுகள் மிகக் கறாரானவை. அந்தக் கறாருக்குள்ளேதான் இவ்வளவு இடைவெளியும் இருக்கிறது. உருவத்தில் கண்டிப்பு, பொருளுக்கு இடம். இரண்டும் விரோதிகள் என்று நாம் ஏன் நினைத்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

நகாஷிமா பின்னால் பட்டது வேறு பள்ளிக்கூடம். 1942இல் அமெரிக்க அரசு தன் ஜப்பானியப் பிரஜைகளை முகாம்களில் அடைத்தபோது, அவரும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனார்கள். அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற, ஜப்பானியத் தச்சு முறை முழுதாகத் தெரிந்த ஒருவர் இருந்தார். கட்டட வேலையில் மிஞ்சிய துண்டுப் பலகைகளையும் பாலைவனத்துப் புதர்க் கட்டைகளையும் வைத்துக்கொண்டு, பட்டம் வாங்கிய கட்டடக்கலைஞர் ஒரு தச்சனிடம் மூட்டுப் போடக் கற்றுக்கொண்டார். 1943இல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் ஒரு சிறு பட்டறை வைத்து, 1990இல் இறக்கும்வரை அதை நடத்தினார்.

அவர் கையெழுத்து என்று எல்லோரும் சொல்வது, பிளந்த பலகையில் பிளவுக்குக் குறுக்கே அவர் பதித்த பட்டாம்பூச்சி வடிவச் சிறுகட்டை. இரு பக்கமும் விரிந்து நடுவில் ஒடுங்கியது. அது பிளவை மூடுவதில்லை, மறைப்பதும் இல்லை. இதற்கு மேல் ஓடாதே என்று நிறுத்துகிறது. அவர் இறந்தபின் அவர் பட்டறையில் செய்த அமைதி மேஜை ஒன்று 1996இல் ஆரோவில்லுக்கு வந்தது. மரக்காணத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். கறுப்பு வால்நட் மரத்தின் பிரம்மாண்டமான பலகை. அதன் ஓரம் அறுத்து நேராக்கப்படாமல் மரம் வளர்ந்த வளைவோடே இருக்கிறது.

1981இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பு மரத்தின் ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறது. இங்கே எனக்கு அவரோடு சண்டை உண்டு. வெட்டிய மரத்துக்குத் தச்சன் இரண்டாவது ஜீவிதம் தருகிறான் என்பது அவர் நம்பிக்கை. அவருக்கு அது உண்மையாக இருந்திருக்கலாம். பல வருஷம் பலகையை அடுக்கிவைத்துக் காத்திருந்தவர் அவர். ஆனால் ஆன்மா என்ற வார்த்தை கிடைத்துவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தவர்கள் பின்னால் வந்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் உல்லாச விடுதிகளில் போய்ப் பார்க்கலாம். ஓரம் சீவாத பலகை, நடுவில் பிளவு, பிளவு நிறைய நீல நிறத்தில் எபாக்ஸிப் பிசின். ஆறு ஓடுகிறதாம். சில பலகைகளில் பிளவு இயற்கையாக இல்லாதபோது அறுத்தே உண்டாக்குகிறார்கள். நகாஷிமா பிளவை நிறுத்தக் கட்டை பதித்தார். இவர்கள் பிளவைத் தயாரிக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. இறுக்கத்தை நம்பியவர்கள் ஒரு பக்கம். எதிர்ப் பக்கத்தில் சிதைவையே லட்சணமாக்கிக்கொண்டவர்கள். வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டால் நவீனம்; வரிகளுக்கு நடுவே வெள்ளைத் தாள் விட்டால் மௌனம். அந்த வெள்ளையில் எதுவும் நகர்வதில்லை. என் ஆசாரி விட்ட இரண்டு நூல் இடத்தை யாரும் பார்க்க முடியாது. மேஜையைக் கவிழ்த்தால்தான் தெரியும். அது வருஷத்தில் எல்லா நாளும் வேலை செய்கிறது. நீலப் பிசின் எல்லோருக்கும் தெரிகிறது. அது ஒரு நாளும் வேலை செய்வதில்லை. மூட்டு ஆடுகிறதா என்பதோடு, இந்த இடைவெளியில் எது எந்தப் பருவத்தில் வந்து நிற்கப்போகிறது என்றும் கேட்க வேண்டும். பதில் இருந்தால் அது இடம். இல்லாவிட்டால் அது ஓட்டை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஹிகோகாவாவின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம் நகாஷிமா அதைச் சொன்னார் என்பதே. கோல்கொண்டில் தேக்கை அறுத்து இழைத்துப் பூட்டிய உள்ளூர் ஆசாரிகளின் பெயர்களை, கட்டடத்தைப் புகழ்ந்து நான் படித்த எந்தக் கட்டுரையிலும் பார்க்கவில்லை. கலைஞன் பெயரில்லாமல் இருப்பதில் ஒரு மகிமை உண்டு என்று ஆனந்த குமாரசாமி நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார். யாழ்ப்பாணத் தமிழ் வம்சத்துத் தந்தைக்குப் பிறந்தவர். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் நூலை, வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில் தம் மேற்பார்வையில் அச்சிட்டவர். கைவேலையின் மேல் அவருக்கிருந்த மரியாதையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் பெயரைத் தானே துறந்தவனும், பெயரைக் கேட்க ஆளில்லாதவனும் ஒருவரல்ல. நாள் கூலிக்கு வந்த ஆசாரியின் அநாமதேயத்தை ஆன்மிகம் என்று எழுதுவது, கேட்காமல் விட்டவனுக்குத்தான் சௌகரியம். இங்கேயும் நான் அந்தச் சௌகரியத்தைத் தாண்டவில்லை. பெயர் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேலையப் பத்தி எழுதுங்க சார், பேரெல்லாம் எதுக்கு" என்றார். அவர் துறந்தாரா, வெட்கப்பட்டாரா, என் எழுத்தினால் ஒரு மேஜை கூட விற்காது என்று கணக்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது.

பலகையைப் பூட்டுவதற்கு முன் அதன் அடியில் அவர் தச்சுப் பென்சிலால் ஏதோ எழுதியதைப் பார்த்தேன். பெயராக இருக்கும் என்று குனிந்து படித்தேன். 'சித்திரை' என்று மட்டும் இருந்தது. பிற்பாடு எவனாவது கழற்றினால், எந்த மாதத்தில் பூட்டியது என்று தெரிய வேண்டுமாம். தெரிந்தால்தான் இடம் எந்தப் பக்கம் விட்டிருக்கிறது, ஏன் விட்டிருக்கிறது என்று அவனுக்குப் புரியும். தெரியாதவன் அதைப் பழுது என்று நினைத்து ஆணி அடித்துவிடுவான்.

அது 2024 சித்திரை. அந்த வருஷம் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. உப்பளமெல்லாம் ஒரே நீர்ப்பரப்பு. பாத்தி வரப்புகள் இருந்த இடம் தெரியவில்லை. வீட்டுக்குள் சுவர் வியர்த்தது. கதவுகள் சாத்த வரவில்லை. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் டார்ச் விளக்கோடு மேஜைக்கு அடியில் போய்ப் பார்த்தேன். மரக்கட்டைகள் காடிக்குள் நகர்ந்திருந்தன. கிட்டத்தட்ட அவர் சொன்ன அளவு. மேலே பலகை சமமாகக் கிடந்தது.

அந்த வாரத்தில்தான் பழைய நீள்கவிதையை மறுபடி எடுத்தேன். முன்பு நான் ஆட்டம் என்று குறித்த இடங்கள் பென்சில் கோட்டோடு அப்படியே இருந்தன. ஒரு சாவு வீட்டின் 16 நாட்களைப் பற்றிய கவிதை அது. நடுநடுவே பாத்திரம் கழுவுவது, வந்தவர்களின் செருப்பை ஒழுங்குபண்ணுவது, பால் கணக்குப் பார்ப்பது என்று தளர்ந்த, வசனம் மாதிரியான வரிகள். இவற்றை எடுத்துவிட்டால் கவிதை இறுகும் என்பது அன்று என் வாதம். எடுத்துப் பார்த்தேன். இறுகியது, துக்கம் மட்டும் மிஞ்சி, இரண்டாம் பக்கத்திலேயே வெடித்தது. பதினாறு நாளில் துக்கம் விரிவதும் சுருங்குவதும் அந்தப் பால் கணக்கு வரிகளுக்குள்தான் நடக்கிறது. எழுதியவர் தெரிந்தே இடம் விட்டிருக்கிறார். கடைசிப் பகுதியில் இரண்டு இடங்கள் மட்டும் எனக்கு இன்னும் ஓட்டையாகவே படுகின்றன. அங்கே எதுவும் வந்து நிற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மன்னிப்பு கேட்கிற சாக்கில் விமர்சனத்தை விட்டுவிடக் கூடாது. மற்றபடி 'மூட்டுகள் ஆடுகின்றன' என்ற என் வரியை வாபஸ் வாங்குகிறேன். அவை ஆட வேண்டிய மூட்டுகள்.

நான் அந்த மதிப்புரையை எழுதிய காலத்தில் எங்களுக்கு எதிரே மேடைக் கவிதை பெரிய சத்தத்தோடு நின்றது. அந்தக் காற்றில் இறுக்கித்தான் பேச முடிந்தது. அதை அடியில் எங்காவது குறித்து வைத்திருந்தால், பின்னால் படிக்கிறவன் என் வார்த்தையை ஆணியாக அடித்துக்கொண்டிருக்க மாட்டான். நான் குறித்து வைக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிற இன்று, ஆகவே, கடைசியில் எழுதிவிடுகிறேன்: ஐப்பசி, மழைக்கு முன்.